வீடு தேடிப் போகாத மருந்து

2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனச்சிதைவு நோய்க்கு ஒரு புதிய மருந்தை அனுமதித்தது. கோபென்ஃபி என்பது அதன் சந்தைப் பெயர். 1950-களின் தொடக்கத்தில் பாரீஸ் மருத்துவமனைகளில் குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்தது முதல், இந்த நோய்க்கு வந்த மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கட்டுப்படுத்தித்தான் பலன் தந்தன. புதிய மருந்து அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளின் வழியாக வேலை செய்கிறது. பழைய மருந்துகளோடு ஒட்டிவரும் கைநடுக்கமும் எடை ஏற்றமும் இதில் குறைவு. குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதுப் பாதை திறந்திருக்கிறது என்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

அந்த மருந்தின் பட்டியல் விலை மாதத்துக்கு 1,850 டாலர். நம் கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அது நம்மூருக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று இப்போதே கவலைப்படத் தேவையில்லை. அதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. இதே நோய்க்கான ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் முதலிய பழைய மாத்திரைகள் பல ஆண்டுகளாக இங்கேயே தயாராகின்றன. கடையில் வாங்கினால் ஒரு மாத்திரை சில ரூபாய். அரசு மருத்துவமனையில் காசே இல்லை. இந்த மாத்திரைகளாவது போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தனவா?

சேரவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஏறக்குறைய 15 கோடி இந்தியர்களுக்கு ஏதோ ஒரு வகை மனநல சிகிச்சை தேவை. நோயைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்கு அது கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு. கடைக்கோடிக் கிராமத்தில்தான் இந்த நிலை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. சென்னை நகரத்துக்குள்ளேயே வீடுவீடாகப் போய் எடுத்த ஓர் ஆய்வு, மனச்சிதைவு நோயுள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஒரு வேளை மருந்துகூடச் சாப்பிட்டதில்லை என்று 1998-லேயே அச்சில் சொன்னது.

மனநோய் என்றால் என்ன, அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து அரசுகளையும் குடும்பங்களையும் மன்னிக்கலாம். இன்றுள்ளவர்களுக்கு அந்த மன்னிப்பு கிடையாது. என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்று நம் மண்ணிலேயே, நம் மக்களை வைத்தே ஆராய்ந்து, முடிவையும் கண்டு, உலகம் மதிக்கும் இதழ்களில் வெளியிட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் அதைச் செய்யாமல் இருப்பது தவறு. அந்தத் தவறை முதலில் அரசின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2009, 2010 ஆண்டுகளில் அங்கும், கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சதாராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. காஞ்சிபுரத்தில் அதை நடத்தியது, மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அதோடு, ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து போவார். வந்தவர் மருத்துவர் இல்லை, செவிலியரும் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்து, சில வாரம் பயிற்சி பெற்றவர். பேசத் தெரிந்தவர், காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்.

அவர் செய்த வேலையைப் பட்டியலிட்டால், இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்றுகூடத் தோன்றும். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். 'இது சாமி குத்தமும் இல்லை, வளர்ப்புக் குத்தமும் இல்லை, வியாதி' என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எடுத்துச் சொல்வார். குளித்து, சாப்பிட்டு, ஆடுமாட்டைப் பார்த்து, கடைக்குப் போய் வரும் அளவுக்கு நோயாளியை மெல்ல மெல்லப் பழக்குவார். உடம்புக்கு வேறு ஏதும் என்றால் கவனிப்பார். அரசு உதவிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுவார். வேலைக்குப் போக முடிகிறவருக்கு அதற்கும் கைகொடுப்பார். இப்படி ஒரு வருடம்.

முடிவு 2014-இல் 'தி லான்செட்' இதழில் வந்தது. ஊழியர் வந்துபோன வீடுகளில் நோயின் கடுமையும், அதனால் வரும் முடக்கமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் மிதமானதுதான். ஆய்வாளர்களே அதை மறைக்கவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய செய்தி அதே கட்டுரைக்குள் இருக்கிறது: பலன் தெளிவாகத் தெரிந்த இடம் தமிழ்நாட்டுக் கிராமங்கள். வேறு ஏதோ நாட்டில் வெற்றி பெற்றதை இங்கே பரிசோதித்துப் பார்க்கலாமா என்று யோசிக்கும் நிலையில் நாம் இல்லை. இங்கேதான் அது வெற்றி பெற்றது.

வெற்றி பெற்ற பிறகு என்ன நடந்தது? ஆய்வுகளுக்கு வழக்கமாக நடப்பதுதான். நிதி ஒரு காலத்துக்கு. காலம் முடிந்தால் திட்டமும் முடியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010 முதல் ஸ்கார்ஃப் ஒரு பேருந்தை ஓட்டியது. கிராமத்தில் வண்டி நிற்கும். உள்ளே உள்ள திரையில் சென்னை மருத்துவர் பேசுவார். வண்டியிலேயே ஒரு சின்ன மருந்தகம், மாத்திரையை வாங்கிக்கொண்டு இறங்கலாம். கொரோனா வந்து காணொளி மருத்துவத்தை ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. ஒரு தொண்டு நிறுவனம் ஒரு மாவட்டத்தில் செய்து காட்டியதை அரசு எல்லா மாவட்டங்களிலும் செய்திருக்க வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அரசுக்கு இது புதிய பாடமும் இல்லை. மனநல சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைக்குள் பூட்டி வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோக வேண்டும் என்று தேசிய மனநலத் திட்டம் சொன்னது 1982-இல். அதைச் செய்ய மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அந்த நான்கில் ஒன்று திருச்சி. இன்று திட்டம் பெயரளவில் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. பெயருக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை அறிய, தாலுகா மருத்துவமனை ஒன்றில் மனநலக் குழு வரும் நாளில் காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் போதும்.

ஓ.பி. சீட்டுக்கு வரிசை. பக்கத்தில் மகனைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கும் அறுபது வயது அம்மா. இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார். நூறுநாள் வேலையோ, களையெடுப்போ, அன்றைய கூலி போயிற்று. மகன் நான்கு பேர் நடுவில் உட்காரமாட்டான், எழுந்து எழுந்து போவான். முறை வந்ததும் டாக்டர் கேட்கும் கேள்வி இரண்டு: தூங்குறாரா, மாத்திரை போடுறாரா. டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது; அவருக்கு வெளியே நிற்கும் கூட்டம் தெரிகிறது. பிறகு மருந்து வாங்கும் ஜன்னல். 'இது இப்ப ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க' என்று ஒரு மாத்திரையை விட்டுவிட்டு மீதியைத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். விடுபட்டது கைநடுக்கத்துக்கான மாத்திரையாக இருந்தால், வீட்டுக்குப் போய் நடுக்கம் வந்ததும் மகன் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவான். அடுத்த வாரம் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர அந்த அம்மாவால் முடியுமா? மூன்று மாதத்தில் நோய் திரும்பும். நோயாளி மருந்தை நிறுத்திவிட்டார் என்று சீட்டில் எழுதுவார்கள். நிறுத்தியது யார் என்று அந்தச் சீட்டில் இருக்காது.

மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது அதிகாரிகள் எப்போதும் சொல்லும் பதில். உண்மைதான். ஒரு லட்சம் பேருக்கு மூன்று பேராவது வேண்டும் என்கிற இடத்தில் இந்தியாவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும் உரிமையைத்தான் காஞ்சிபுரம் ஆய்வும் அதைப் போன்றவையும் பறித்துவிட்டன. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2017-இல் 'தி லான்செட்' இதழில் அச்சானது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். நோயாளி கைவிட்டிருந்த வேலைகளை, பழக்கங்களை, மனிதர்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடவைப்பதே அந்தப் பேச்சின் சாரம். மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 39 விழுக்காட்டினர். டாக்டர் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று இனி யார் சொன்னாலும் அவர் படிக்கவில்லை, அல்லது படித்தும் பேசுகிறார்.

ஊழியர் மட்டும் போதும், மருத்துவர் வேண்டாம் என்று யாரும் இதைத் திரிக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலும் கோவாவிலும் ஊழியருக்குப் பின்னால் அவரைத் தொடர்ந்து கேட்கவும் திருத்தவும் மூத்தவர்கள் இருந்தார்கள். கைமீறும்போது கொண்டுபோய்விட மருத்துவர் இருந்தார். அந்தக் கண்காணிப்புக்குச் செலவு ஆகும். அதை வெட்டிவிட்டு, ஏற்கெனவே ஏகப்பட்ட பதிவேடுகளைச் சுமக்கும் ஒரு பெண்ணின் தலையில் மனநலப் பதிவேடு என்று இன்னொன்றை ஏற்றினால், ஆய்வில் கிடைத்த பலன் தரையில் கிடைக்காது. நம் அரசுகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறோம்.

ஆராய்ச்சியின் பலன் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கணக்கை அமெரிக்காவிலும் ஒருவர் போட்டுப் பார்த்தார். அந்நாட்டின் தேசிய மனநல நிறுவனத்துக்கு 2002 முதல் 2015 வரை தலைவராக இருந்த தாமஸ் இன்செல், தம் காலத்தில் மூளை ஆராய்ச்சிக்கும் மரபணு ஆராய்ச்சிக்கும் சுமார் 2,000 கோடி டாலர் செலவழித்தும் தற்கொலைகளையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்க முடியவில்லை என்று பதவி விலகிய பின் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மரபணு ஆராய்ச்சி வீண் என்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களை 2022-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு அடையாளம் காட்டியது. அதன் பலன் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரலாம். ஆனால் இன்று நோயோடு இருப்பவருக்கு வேண்டியது மாத்திரை, அதைத் தொடர்ந்து சாப்பிட ஒரு துணை, தங்க ஓர் இடம், செய்ய ஒரு வேலை. வாழ்நாளெல்லாம் ஆய்வகத்தை நம்பியவர் 2022-இல் எழுதிய நூலில் வந்து சேர்ந்த இடமும் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் இரட்டைப் பொறுப்பு இருக்கிறது, ஏனென்றால் வீடு தேடிப் போவது எப்படி என்று இந்த மாநிலத்துக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். இரத்தக் கொதிப்பு அளந்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. பாராட்டுக்குரிய வேலை, இந்தப் பக்கத்தில் அதைக் குறை சொல்லப் போவதில்லை.

அந்தப் பெண் கொதிப்பு மாத்திரை கொடுக்கும் தெருவிலேயே, கதவு சாத்திய ஒரு வீட்டின் பின்னறையில், ஆறேழு வருடமாக வெளியே வராத ஒருவர் இருப்பார். தெருவுக்கே தெரியும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் முதலியவை. மனநோய் மாத்திரைகளில் சில எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். ஆக, யாருக்குச் சர்க்கரை பார்ப்பது மிக அவசியமோ அவர் வீட்டு வாசலைத் தாண்டி அந்தப் பை போகிறது. சாவி நம் கையில் இருக்கும்போதே பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்குமான மாத்திரைகளை அதே பையில் வைக்க எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை. ஓர் அரசாணையும், பயிற்சிக்கு நிதியும், வட்டாரத்துக்கு ஒரு மேற்பார்வையாளரும் போதும்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் எழுதியது. அரசு நடத்தும், அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 18-ஆம் பிரிவில் எழுதியது. நல்ல சட்டம்.

ஆனால் தர்காவுக்கும் கோயிலுக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கட்டிவைத்த அந்தக் குடும்பங்களை மூடர்கள் என்று ஏசியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. மந்திரிக்கிறவர் எந்த நேரத்தில் போனாலும் இருப்பார். 'இது இருக்கிறது, அது இல்லை' என்று ஜன்னலில் நின்று சொல்லமாட்டார். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அம்மா அழுதால் அழவிடுவார். மருத்துவம் அந்த அளவுக்கு அருகில் வந்திருந்தால் பாதிப் பேர் அங்கே போயிருக்கமாட்டார்கள். இதைப் புரிந்துகொண்டவர்கள் குஜராத்தில் ஒரு தர்காவில் தொழுகைக்குப் பக்கத்திலேயே மருந்தையும் வைத்தார்கள். பிறகு ஏர்வாடியிலும் அதே வழியில் மனநல சிகிச்சை தரப்பட்டது. நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த மருத்துவருக்கு நோயாளிகள் வந்தார்கள். விழிப்புணர்வு ஊர்வலங்களுக்கும் பதாகைகளுக்கும் ஆண்டுதோறும் உலக மனநல நாளான அக்டோபர் 10-இல் ஆகும் செலவை இப்படி நாற்காலி போடச் செலவழிக்கலாம் என்பது நம் கருத்து.

அரசைச் சொன்னோம், வீட்டைச் சொல்லாமல் விட்டால் அது பாதித் தீர்ப்பு. மனச்சிதைவு உள்ள, கணவரைப் பிரிந்த பெண்கள் பற்றி ஸ்கார்ஃபின் மருத்துவர் ஆர். தாராவும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வுகள் நடுத்தர வர்க்கத் தமிழர்கள் வாசித்து வெட்கப்பட வேண்டியவை. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி கூடவே இருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். மனைவிக்கு வந்தால் அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலோருக்கு முறையான விவாகரத்து இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. நோயாளி என்ற அவப்பெயரைவிட வாழாவெட்டி என்ற அவப்பெயரையே அந்தப் பெண்களும் பெற்றோரும் கூடுதலாக உணர்ந்தார்கள் என்கிறது ஆய்வு.

இந்தக் கதையின் தொடக்கம் பெரும்பாலும் 'ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்' என்ற பேச்சில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு மறைத்து, மறைப்பதற்காகவே கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்து மாத்திரையை நிறுத்தி, அலைச்சலும் உறக்கமின்மையும் சேர்ந்து முதல் மாதத்திலேயே நோய் வெடித்து... பெண்ணைப் பெற்றவர்கள் பயத்தில் செய்கிறார்கள், தெரிகிறது. பிள்ளையைப் பெற்றவர்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் மருமகள் வாயை மூடிக்கொண்டு நர்ஸ் வேலை பார்ப்பாள் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுமே மோசடிதான். திருமணம் சிகிச்சை ஆகாது. நோயுள்ளவர் திருமணமே செய்யக் கூடாது என்பதும் இல்லை. சொல்லிச் செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாமல் செய்யுங்கள். மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வைத்து நம் சினிமா எழுதிய நகைச்சுவை வசனங்களுக்குச் சிரித்த திரையரங்கங்களுக்கும் இந்த மறைப்பில் பங்கு உண்டு.

பெற்றோருக்குப் பிறகு என்ன ஆகும் என்பது எல்லா மனநலப் பிரிவுகளின் காத்திருப்பு பெஞ்சிலும் கேட்கும் கேள்வி. 'எனக்கப்புறம் இவன யாரு பார்ப்பாங்க' என்று கேட்கும் தாய்க்கு அரசிடம் இன்றுவரை நேரான பதில் இல்லை. சிலர் தெருவுக்கு வருகிறார்கள். சிலர் மருத்துவமனைக்குள் போய், குணமான பிறகும் வெளியே வர வீடில்லாமல் அங்கேயே கிழவராகிறார்கள். நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது: உள்ளே இருந்தவர்களில் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருந்தவர்கள். அவர்களில் பலருக்கு மருத்துவமனை தேவையே இல்லை.

இதற்கும் விடையை வெளியே தேட வேண்டியதில்லை. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய தி பேன்யன், நீண்டகாலம் உள்ளே கிடந்தவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தது. கூடவே துணைக்கு ஊர்ப் பெண் ஒருவர். தாங்களே சமைத்து, சந்தைக்குப் போய், பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குப் போய் வந்தவர்கள், மருத்துவமனையிலேயே இருந்தவர்களைவிடச் சமூகத்தோடு நன்றாகக் கலந்திருந்தார்கள் என்று ஆய்வு காட்டியது. வீடு கொடுத்த உரிமையாளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். சாதி கேட்டு, உணவு கேட்டு வீடு மறுக்கும் ஊரில் அவர்கள் மறுக்கவில்லை. தமிழக அரசும் தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனைகள் சிலவற்றில் அவசர சிகிச்சை, மீட்பு மையங்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து திறந்திருக்கிறது. செய்ததைச் செய்தது என்றே எழுத வேண்டும். ஆனால் மீட்டவரை அடுத்து எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு இப்போதுள்ள வாடகை வீடுகள் போதா.

டெல்லிக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒன்றிய சுகாதார நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கு ஒதுக்கப்படுவதில் பெரும்பங்கு நிம்ஹான்ஸ், தேஜ்பூர் ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கே போகிறது. அவை வேண்டியவைதான், ஆனால் மாவட்டங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? 14416 என்ற டெலிமானஸ் உதவி எண் 2022-இல் வந்தது, அழைப்பவர்களுக்கு உதவுகிறது. தனக்கு நோய் என்றே ஒப்புக்கொள்ளாத, அறையை விட்டு வராத மனிதர் போனை எடுத்து அழைக்கமாட்டார்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மற்ற நோய்களுக்கு இணையாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. 2018-இல் ஒழுங்காற்று ஆணையம் சுற்றறிக்கை விட்டது. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நினைவூட்டியது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடியும் கெடு விதித்தது. ஒரே சட்டத்தை எத்தனை முறை ஞாபகப்படுத்துவது? சேர்த்த பிறகும் பல பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். இந்த நோய்க்கு ஆயுள் முழுக்க வேண்டியதோ புறநோயாளி சிகிச்சையும் மாத்திரையும். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு 40 விழுக்காடு முடக்கம் என்ற அளவுகோலும் அப்படித்தான்: வெளியே வர முடியாததே அவரது முடக்கம், அதை நிரூபிக்க அவர் வெளியே வந்து வாரியத்தின் முன் உட்கார வேண்டும். வாரியம் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், வட்டாரவாரியாக மூன்று எண்கள் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். கடும் மனநோயோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தடையில்லாமல் பன்னிரண்டு மாதமும் மருந்து போய்ச் சேர்ந்தது. ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது எத்தனை பேரை. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் இந்தக் கணக்கை மேடைதோறும் சொல்கிற அரசு, இந்த நோய்க்கும் எடுத்துச் சொல்லட்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் குறைவாகவே அச்சிடட்டும். எதிர்க்கட்சிகளும் அன்று வெளிநடப்பு செய்யாமல் அவையிலேயே உட்கார்ந்து, தம் தொகுதியின் எண்ணை வாசித்துக் கேள்வி கேட்கட்டும்.